துஷாவின் கல்வெட்டிலிருந்து எடுக்கப்பட்ட சொல்

என் மகள் துஷா நியுமோனியாவில் இறக்கவில்லை. காசநோயில் இறந்தாள். நோர்வேயில், லில்லெஸ்ட்ரோமில் எங்களைத் தெரிந்தவர்கள் பலர் இன்னும் நியுமோனியா என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களில் சிலருக்கு உண்மை நன்றாகவே தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டில் நீண்ட நாளாக இருமுகிற ஒரு பிள்ளையை வைத்திருக்கும் யாராவது வாசித்தால் போதும். அனுதாபம் வேண்டாம், அது வேண்டிய மட்டும் வந்து முடிந்துவிட்டது.

அவளுக்கு இருபத்திரண்டு வயது. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்புக்குப் படிப்பித்தாள். பனி கரையத் தொடங்கிய நேரத்தில் இருமல் வந்தது. குடும்ப மருத்துவர் பேர்ச் மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று குளிசை தந்தார். அது கேட்கவில்லை என்றதும் ஆஸ்துமாவாக இருக்கலாம் என்று வாயில் அடிக்கும் மருந்து தந்தார். போர் நின்றிருந்த சமாதான காலத்தில் நாங்கள் குடும்பமாக யாழ்ப்பாணம் போய் வந்ததை அவள் அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் தலையாட்டினாராம். நெஞ்சுக்கு ஒரு படம் எடுத்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். எடுக்கவில்லை. கேட்டபோது, இளம் வயது, அந்த எண்ணம் வரவில்லை என்றார். நேர்மையான பதில்தான். எனக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் மெலிந்துகொண்டு போனாள். திராமனில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனபோது பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“என்ன துஷா, மெலிஞ்சு வடிவா வந்திட்டாய்! என்ன செய்தனி? எங்களுக்கும் சொல்லன்.”

“இருமுங்கோ மாமி,” என்றாள் அவள். “காலமை, மத்தியானம், பின்னேரம் விடாமல் இருமுங்கோ. வயிறு தன்ரை பாட்டிலை உள்ளுக்கை போயிடும்.”

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

பிறகு தலையிடி வந்தது. வெளிச்சம் பார்க்க முடியாமல் யன்னல் திரையை இழுத்துவிட்டுப் படுத்தாள். வாந்தி எடுத்தாள். ஒரு நாள் காலையில் சட்டையை உட்புறம் வெளியே வரப் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்து, இன்றைக்கு என்ன கிழமை என்று தாயிடம் கேட்டாள். கௌரி சொன்னாள். திரும்பவும் கேட்டாள். மூன்றாம் தரம் கேட்டபோது நான் அம்புலன்சுக்கு அடித்தேன்.

மருத்துவமனையில் படம் எடுத்துவிட்டு எங்களை ஒரு சிறிய அறையில் இருத்தினார்கள். இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்து, தன் கதிரையை எங்களுக்கு எதிரே இழுத்துப் போட்டு அமர்ந்தார். கதிரையை இழுத்துப் போடும் மருத்துவர் நல்ல செய்தி கொண்டு வருவதில்லை என்பதை அன்று படித்துக்கொண்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். காசநோய்க் கிருமி உடலில் எத்தனையோ வருடம் சத்தமில்லாமல் கிடக்கலாம். எப்போது எழும்பும் என்று யாருக்கும் தெரியாது. துஷாவுக்கு அது நுரையீரலின் மேற்பகுதியில் எழும்பி, அங்கிருந்து இரத்தத்தோடு போய் மூளையைச் சுற்றியுள்ள உறையிலும் பிடித்துவிட்டது. முதுகெலும்பின் நடுவே ஊசி ஏற்றி நீர் எடுத்துப் பார்த்து அதை உறுதி செய்வார்கள். நான்கு மருந்துகளைச் சேர்த்துப் பல மாதம் கொடுக்க வேண்டும்.

“இது குணமாகும் நோய்,” என்றார். பிறகு, “மூளைக்குப் போயிருப்பதால் நாங்கள் பிந்திவிட்டோமா என்பதுதான் கேள்வி,” என்றார்.

நான் முதல் வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கௌரி இரண்டாவதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

துஷாவைத் தனியறையில் விட்டார்கள். அது இரண்டு கதவுள்ள அறை. முதற் கதவைச் சாத்தினால்தான் அடுத்ததைத் திறக்கலாம். உள்ளே இருக்கும் காற்று நடைபாதைக்கு வராதபடி அதை ஒரு குழாய் வேறு பக்கத்தால் இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சல் நிற்பதில்லை. போகிறவர்கள் சொண்டு போல முன்தள்ளிய முகமூடி போட வேண்டும். எங்களை முதன்முதல் அந்தக் கோலத்தில் கண்டதும் துஷா, “அப்பா, வாத்து மாதிரி இருக்கிறியள்,” என்றாள். தாயைப் பார்த்து, “சோடி வாத்து,” என்றாள்.

அந்த மருந்துகளில் ஒன்று உடம்பிலிருந்து வரும் நீர் எல்லாவற்றையும் செம்மஞ்சள் ஆக்கிவிடும். மூத்திரம், வியர்வை, கண்ணீர் எல்லாம். முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்தும், தலையணை உறையில் அவள் கண் இருந்த இடத்தில் தோடம்பழச் சாறு சிந்தியது போலக் கறையைக் கண்டபோதுதான் எங்களுக்குத் தெரியாமல் அவள் அழுதிருக்கிறாள் என்று விளங்கியது. கௌரி உறையை மாற்றினாள்.

கௌரியின் அண்ணன் பரமு, என் மச்சான், ஒஸ்லோவில் டாக்சி ஓடுகிறவர். தன் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எங்களை ஏற்றி இறக்கினார். வீட்டிலிருந்து இடியப்பமும் சொதியும் கொண்டு வந்தார். துஷா, சாப்பிட முடியாவிட்டாலும், மூடியைத் திறந்து மணம் காட்டச் சொல்லுவாள். அந்த மனிதரின் அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. நியுமோனியா என்ற சொல்லைத் தொடங்கியதும் அவர்தான்.

வார்டுக்கு வெளியே வந்து நின்ற முதல் ஆட்களிடம், “நியுமோனியா, கொஞ்சம் கடுமையா வந்திட்டுது,” என்றார். அவர்கள் போனதும் என்னைத் தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“கசம் எண்டு வெளியிலை போச்செண்டால் பிறகு அந்தப் பிள்ளையை ஆர் கட்டுவினம்? நோய் மாறி வரப்போற பிள்ளை. மயூவும் இருக்கிறாள். யோசி.”

மயூ எங்கள் இளையவள். பதினைந்து வயது. அவளுக்கும் சோதித்ததில் கிருமி உடலில் இருப்பது தெரிந்தது, நோயாக எழும்பவில்லை. எழும்பாமல் இருக்க மாதக்கணக்கில் குளிசை போட வேண்டும். அந்தக் குளிசையை நான் பார்க்கத்தான் அவள் விழுங்குகிறாள். விழுங்கிய பிறகும் நான் போகாமல் நிற்கிறேன் என்று கோபிப்பாள்.

எங்கள் நகரசபையின் காசநோய்த் தாதி இங்கெர், ஐம்பது வயதுப் பெண். துஷா மூடிய அறையில் யார் யாரோடு நீண்ட நேரம் இருந்தாள் என்று கேட்க வந்தார். அவள் தெளிவாக இருந்த ஒரு முற்பகல் அது. பாலர் வகுப்புப் பிள்ளைகளை விரல் மடித்துச் சொன்னாள். “ஆரணி எண்டு ஒண்டு, கதிரையிலை இருக்காது, என்ரை மடியிலைதான் இருக்கும்,” என்றாள். இங்கெர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வயதைக் கேட்டார். நான்கு.

வெளியே வந்து எங்களுக்கு விளக்கினார். சின்னப் பிள்ளைகளுக்கு இந்தக் கிருமியை எதிர்க்கும் வலு குறைவு. பிறந்தவுடன் போட்ட ஊசி உதவும், முழுவதும் காக்காது. துஷாவுக்கு நடந்தது போல மூளைக்குப் போவது அவர்களில்தான் அதிகம். வகுப்புப் பெற்றோருக்கெல்லாம் கடிதம் போகும். “ஆனால் நோயாளி யார் என்று நான் எழுத முடியாது, கேட்டாலும் சொல்ல முடியாது. சட்டம். சொல்வதானால் நீங்கள்தான் சொல்ல வேண்டும்,” என்றார்.

அந்த நாட்களில்தான் மிரியம் என்ற பெண்ணின் முதற் கடிதம் வந்தது. ஒஸ்லோவில் சில யூதக் குடும்பங்கள் ஒரு காலத்தில் தங்கள் காசநோயாளருக்காகத் தொடங்கிய சிறிய சங்கம் ஒன்று இருக்கிறது. அவர்களுக்குள் அந்த நோய் இல்லாமற் போன பிறகும் கலைத்துவிடவில்லை. மிரியத்தைப் போல வயதான சில பெண்கள், எந்த நாட்டவராக இருந்தாலும் இந்த நோயாளியின் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுகிறார்கள். நோயாளி இறந்தால் அதன் பிறகும் எழுதுகிறார்கள். வார்டுத் தாதி கேட்டு, துஷா சம்மதித்துத்தான் எங்கள் பெயர் போனது. உறையின் மூலையில் சங்கத்தின் பெயர் நோயின் பெயரோடு அச்சாகியிருந்தது. மேசையில் கிடந்த அதைக் கௌரி, மச்சான் உள்ளே வர முன்பு, கவிழ்த்து வைத்தாள்.

உள்ளே ஒரு சோடி கம்பளிக் காலுறையும் கையெழுத்தில் ஒரு பக்கமும் இருந்தன. “உங்கள் மகளை எங்களுக்குத் தெரியாது. அந்த அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பது எப்படி என்று தெரியும். எதையாவது எழுத விரும்பினால் எழுதுங்கள். விரும்பாவிட்டால் நாங்கள் தவறாக நினைக்க மாட்டோம்.”

துஷா காலுறையைப் போட்டுப் பார்த்துவிட்டு தான் சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னாள். “காலுறை நல்ல சூடு. ஒன்று மற்றதைவிட நீளம். எது எந்தக் காலுக்கு என்று அறியத் தரவும்.” அனுப்பினேன்.

பதில் கெதியாக வந்தது. பின்னுகிறவருக்கு எண்பது தாண்டிவிட்டது, ஒரு கண்தான் தெரியும், நீளமானதை முதலில் குளிர்கிற காலுக்குப் போடவும் என்று மிரியம் எழுதியிருந்தார். அதை வாசித்துச் சொல்ல உள்ளே போனேன். அன்று காலையிலிருந்து துஷாவுக்கு நினைவு இல்லை. இருந்தும் வாசித்தேன்.

மூளையைச் சுற்றி நீர் கட்டி அமுக்கம் கூடியது. மண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து நீரை வெளியே எடுத்தார்கள். பிறகு சுவாசத்துக்கு இயந்திரம் வைத்தார்கள். பிறகு, இனி இயந்திரம் மட்டுமே சுவாசிக்கிறது என்றார்கள். அவள் போன பிற்பகல் யன்னலுக்கு வெளியே யாரோ இயந்திரத்தால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த இயந்திரத்தை நிற்பாட்டச் சொல்லிக் கௌரி கத்தினாள். எந்த இயந்திரத்தை என்று தாதிகளுக்கு ஒரு கணம் விளங்கவில்லை.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தவர் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடித்து, வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, கல்வெட்டு என்ற சிறு நூலை அச்சிட்டுக் கொடுப்போம். இறந்தவரின் படம், வாழ்க்கை வரலாறு, தேவாரம், அனுதாபச் செய்திகள், கடைசியில் நன்றி. துஷாவின் கல்வெட்டை மச்சான் பொறுப்பெடுத்தார். வந்த அனுதாபச் செய்திகள் எல்லாவற்றிலும் ‘திடீர் சுகவீனம்’, ‘காலனின் கொடுமை’, ‘இறைவனின் அழைப்பு’ என்றிருந்தது. மிரியத்தின் கடிதம் மட்டும், “உங்கள் மகளைக் காசநோய் எடுத்துக்கொண்டது, அவள் காலுறையைப் பற்றிக் கேட்ட கேள்வியை எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் வாசித்தோம்,” என்று தொடங்கியது. துஷாவைத் துஷாவாக எழுதியிருந்த கடிதம் அது ஒன்றுதான்.

“இதைப் போட ஏலாது,” என்றார் மச்சான்.

“ஏன்?”

“முதல் வரியிலையே எழுதி வைச்சிருக்கினம். வெள்ளைச் சனம், எங்கடை வழமை தெரியாது. அந்த ஒரு சொல்லை எடுத்திட்டால் நல்ல கடிதம்.”

“அவையின்ரை கடிதத்திலை நாங்கள் எப்பிடி மச்சான் சொல்லு எடுக்கிறது?”

“அப்ப கேட்டு எழுதன். மயூவுக்கு நாளைக்கு ஒரு கலியாணம் பேச வேண்டாமே?”

கௌரியைப் பார்த்தேன். “கேட்டுப் பாருங்கோ,” என்றாள். கேட்டு எழுதினேன். நோயாளிகளுக்காகவே இருக்கும் ஒரு சங்கத்திடம், உங்கள் நோயின் பெயரை எடுத்துவிட்டுத் தாருங்கள் என்று நல்ல நோர்வேஜிய மொழியில் எழுதினேன்.

மிரியத்தின் பதில் இது. “உங்கள் விருப்பப்படி இரண்டு பிரதிகள் அனுப்புகிறேன். ஒன்றில் அந்தச் சொல் இருக்கிறது. மற்றதில் ‘நீண்ட நோய்’ என்று இருக்கிறது. இரண்டிலும் என் கையொப்பம் உண்டு. இப்படிக் கேட்ட முதற் குடும்பம் நீங்கள் அல்ல. எங்கள் சொந்தச் சனம் இதையே கேட்டு எழுதிய கடிதங்கள் அலுவலகப் பெட்டிகளில் நிறைய இருக்கின்றன. என் சித்தி இந்த நோயில் இறந்தபோது இதயம் என்றார்கள். அவளோடு ஒரே கட்டிலில் படுத்த என் தாயை, இதயம் தொற்றாது என்பதால், யாரும் மருத்துவரிடம் கொண்டுபோகவில்லை. அம்மா பிழைத்தார், ஒரு நுரையீரலோடு. எந்தப் பிரதியை அச்சிடுவது என்று நான் சொல்ல மாட்டேன்.”

மச்சான் ‘நீண்ட நோய்’ பிரதியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனார்.

அதற்குச் சில நாளின் பின் இங்கெர் தொலைபேசியில் பேசினார். பாலர் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையும் சோதனைக்கு வரவில்லை. இரண்டாவது கடிதமும் அனுப்பிவிட்டாராம். “ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். தெரிய நெடுநேரம் ஆகவில்லை. அந்தியேட்டிக்குச் சாமான் வாங்க ஒஸ்லோவில் எங்கள் கடைகள் உள்ள குறொன்லாண்டுக்குப் போனபோது கடையில் ஆரணியின் தாய் வசந்தியைக் கண்டேன். ஆரணி அவளுடைய பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றது. துஷாவுக்காகச் சற்று அழுதுவிட்டு வசந்தி தானாகவே கதையைத் தொடங்கினாள்.

“எங்களுக்கும் ஒரு கடிதம் வந்தது அண்ணை. பள்ளி நடக்கிற மண்டபத்திலை ஆருக்கோ கசமாம். கிழமை நாளிலை அங்கை சோமாலிச் சனம் கூட்டம் வைக்கிறவையெல்லோ, அவையிட்டை இருந்துதானாம். இனி அந்த மண்டபம் வேண்டாம் எண்டு எல்லாரும் கையெழுத்து வைக்கிறம்.”

“பிள்ளையைக் கொண்டு போனனீங்களே?”

“ஏன் அண்ணை? எங்கடையளுக்கு அவையோடை என்ன பழக்கம்?”

“வசந்தி, துஷாவுக்கு...” என்று தொடங்கினேன்.

“நியுமோனியா,” என்று அவளே முடித்தாள். “பாவம். கேட்டு நான் நித்திரை கொள்ளேல்லை.”

பின்னால் நின்றவர்கள் தள்ள, அவள் காசாளரிடம் போய்விட்டாள். ஆரணி என்னைத் திரும்பிப் பார்த்து, “துஷா ரீச்சர் எப்ப வருவா?” என்று கேட்டது.

அந்தியேட்டி நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. கல்வெட்டைக் கொடுத்து முடித்து, சாப்பாடும் பரிமாறத் தொடங்கியிருந்தார்கள். நன்றி சொல்ல மச்சான் ஒலிவாங்கியை எடுத்தார். நான் போய்க் கையை நீட்டினேன். தகப்பன் கேட்கும்போது மறுக்க முடியாது, தந்தார். மற்றப் பிரதி என் சட்டைப் பையில் இருந்தது. ஒருமுறை நோர்வேஜிய மொழியில் வாசித்தேன். பிறகு தமிழில் சொன்னேன். அந்தச் சொல்லைக் காசநோய் என்றும் சொன்னேன், கசம் என்றும் சொன்னேன்.

“உங்களுக்கு வந்த கடிதம் என்ரை மகளாலை வந்தது. சோமாலிச் சனத்தாலை இல்லை. சின்னப் பிள்ளையளுக்கு இது மூளைக்குப் போகும். துஷாவுக்கு அதுதான் நடந்தது. நேரத்தோடை கொண்டு போனால் குளிசையோடை முடிஞ்சு போகும். தயவு செய்து கொண்டு போங்கோ.”

ஒரு தாய் தன் பிள்ளையின் வாயிலிருந்து வடையைப் பறித்தாள். சாப்பாட்டால் இது தொற்றாது என்று சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் பாயாசக் குவளையைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

“எங்களைச் சாப்பிட வைச்சுப்போட்டே இதைச் சொல்லுறியள்?” என்று கேட்டார்.

மச்சான் ஒலிவாங்கியை வாங்கி அணைத்தார். தாழ்ந்த குரலில்தான் சொன்னார். “ஒரு பிள்ளையை நோய் கொண்டு போச்சுது. மற்றப் பிள்ளையை நீ சாக்காட்டிப்போட்டாய்.”

மயூ பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனம் போன பிறகு கௌரி பானைகளில் மிஞ்சியதைப் பெட்டிகளில் அடைத்தாள். முக்கால்வாசி மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வந்ததும், “என்னிட்டை ஒரு சொல்லு சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்,” என்றாள். சொல்லியிருந்தால் மறித்திருப்பாளா என்று கேட்டேன். “தெரியாது,” என்றாள்.

மிரியத்துக்கு நடந்ததை எழுதினேன். பதில் எழுதாமல் அவர் தானே வந்தார். ரயிலில் லில்லெஸ்ட்ரோமுக்கு வந்து, எங்கள் வீட்டில் இருந்து தேநீர் குடித்தார். கௌரி கொடுத்த முறுக்கைச் சத்தமாகக் கடித்துச் சாப்பிட்டார். அந்தியேட்டிக்குப் பிறகு எங்கள் வீட்டில் வாய் நனைத்த ஒரே வெளியாள் அவர்தான். எங்கள் ஆட்கள் கதவடியில் நின்று கதைத்துவிட்டுப் போவார்கள். உள்ளே வரச் சொன்னால் காரை வழியில் நிற்பாட்டியிருக்கிறது என்பார்கள். மச்சான் அதுவும் இல்லை. கௌரியோடு தொலைபேசியில் மட்டும் பேசுகிறார்.

கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் தொடங்கிய வாரம் மயூவின் சோதனைக்காக மருத்துவ நிலையத்துக்குப் போனேன். மேசையடியில் நின்ற இங்கெர் என்னைக் கண்டு கிட்ட வந்தார். யார் என்று சொல்ல முடியாது, ஆனால் பிள்ளைகள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றார். ஒரு பிள்ளைக்கு மருந்து தொடங்கிவிட்டதாம். நேரத்தோடு பிடித்துவிட்டோம் என்றார்.

காத்திருக்கும் இடத்தில் வசந்தி இருந்தாள். ஆரணி என்னைக் கண்டதும் ஓடிவந்து முன்கையைக் காட்டியது. தோலின் கீழ் மருந்து ஏற்றிச் சோதித்த இடத்தில் சிவந்து தடித்திருந்தது.

“மாமா, பாருங்கோ, எனக்குத்தான் எல்லாரையும் விடப் பெரிசு! நான் அழேல்லை.”

வசந்தி வந்து பிள்ளையின் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளையையும் பையையும் தூக்கிக்கொண்டு போய், அந்தப் பக்கத்துச் சுவரோரம் இருந்த கதிரையில் எங்களுக்கு முதுகு காட்டி இருந்தாள்.

மயூ என் பக்கம் சாய்ந்தாள். “ஏன் அப்பா அவை எங்களோடை கதைக்கேல்லை?”

“கதைக்காட்டில் பரவாயில்லை,” என்றேன். “வந்திருக்கினம்.”

பரவாயில்லை என்று சொன்னது பொய்.